சமதளத்தில் நின்ற லாரி

ஆயுத பூசைக்கு நசுக்கிய எலுமிச்சை வாசமும் டீசல் புகையும் இன்று தெருவில் கலந்து வந்தபோது, வெள்ளிமலையில் கிழங்கு லாரி நின்றுபோன பூசை நாள் நினைவில் எழுந்தது. பேட்டரி செத்த வண்டி என்பதால், டிரைவரான மாமா எப்போதும் சரிவில் நிறுத்தி, உருட்டித்தான் கிளப்புவார்; அன்று பூசைக்காகக் கோயில்முன் சமதளத்தில் நிறுத்தியிருந்தார். சாவியைத் திருகத் திருக ‘டக்’ என்றதோடு சரி. பின்னால் மூட்டைகள்மேல் அம்மா பிரசவ வலியில் முனகினாள்.

“அக்காவ நானே சாவடிக்கிறேனே!” என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

“அழுதுகினு இருக்காத மச்சான், எறங்கித் தள்ளு!” என்றார் அப்பா.

ஊரே தள்ளியது. சரிவில் உருண்டு இன்ஜின் உறுமியதும் எல்லோரும் கத்தினார்கள். அந்த இரைச்சலில் அம்மாவின் முனகல் கேட்கவில்லை. சங்கராபுரம் ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை அணைத்தபோதும் கேட்கவில்லை.