மூதூரில் பன்னிரண்டு நிமிடங்கள்

வெள்ளி, காலை 6.30. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு பஸ் கட்டணம் 1,050 ரூபா. தூரம் சுமார் 235 கிலோமீற்றர். என் பையில் இருந்தவை: இரண்டு சோடி உடுப்பு, அளவுநாடா, கத்தரிக்கோல், திருகாணி முடுக்கும் அலன் சாவிகள், ஒரு பிறேஸ். பிறேஸ் என்பது முழங்காலின் இரு பக்கமும் உலோகக் கீல் வைத்து, தொடையிலும் காலிலும் பட்டி கட்டிப் பூட்டும் தாங்கி. அவற்றைச் செய்யும் பட்டறை ஒன்றில்தான் நான் வேலை செய்கிறேன். செய்வோம், பொருத்துவோம், அனுப்பிவிடுவோம். ஒரு பிறேசுடன் நானே பயணம் போவது இதுதான் முதல் தடவை.

பிறேஸ் நிஸாமுக்கு. மூதூர்க்காரர், வயது முப்பத்தேழு, உயரம் ஆறடி நான்கு அங்குலம். எங்கள் படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் அரை வரிதான் இருக்கிறது. அவர் தனித்தாள் ஒன்று இணைத்து அனுப்பியிருந்தார். கூடைப்பந்து, பதினான்கு வருடம், பதினொரு அணி: கொழும்பில் இரண்டு, மாலைதீவில் மூன்று, மலேசியாவில் இரண்டு, ஓமானில் ஒன்று, பஹ்ரேனில் இரண்டு, தாய்லாந்தில் ஒன்று. ஒப்பந்தம் பெரும்பாலும் எட்டு மாதம். அது முடிய அடுத்த நாடு. போன பங்குனியில் இடது முழங்கால் போதும் என்று சொல்லிவிட்டது.

தொலைபேசியில் அவர் கேட்டது சின்னக் காரியம். “என்ட மகள் நான் விளையாடி ஒரு நாளும் பாத்ததில்ல, தங்கச்சி. சனிக்கிழமை இஞ்ச ஒரு மேட்ச். அது மட்டும் போதும்.” பிறேஸ் பொருந்தினால் விளையாடலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டியது நான்.

பிற்பகல் 1.20. திருகோணமலை. சோறு, சூடை மீன் பொரியல், பருப்பு. மூதூர் பஸ் 2.10க்கு. சீனன்குடாவில் பற்றைகளுக்கு மேலால் எண்ணெய்த் தாங்கிகளின் தலைகள் தெரிந்தன. கிண்ணியாப் பாலத்தில் காற்று யன்னலுக்குள்ளால் பாய்ந்து எல்லோருடைய பேச்சையும் நிறுத்தியது. மூதூர் போய்ச் சேர 3.35. தரிப்பிடத்தில் நிஸாம் நின்றார். கேட்டு அறியத் தேவையிருக்கவில்லை. பக்கத்திலிருந்த மின்கம்பத்தின் அறிவித்தல் பலகை அவருடைய காதுக்குக் கீழே இருந்தது.

பின்னேரம் 4.15. வீட்டில் அவருடைய மனைவி ஸரீனா தேநீரும் தொதலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார்.

“நீங்க ஓம் எண்டு சொன்னாத்தான் இவர் எறங்குவார். எனக்குச் சத்தியம் பண்ணித் தந்திருக்கார்.”

மகள் ஹிபாவுக்கு ஒன்பது வயது. கதிரையின் பின்னால் நின்று என்னை அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிக்கலை ஸரீனாதான் சொன்னார். வகுப்பில் யாரும் நம்புகிறார்கள் இல்லை. வெளிநாட்டில் பந்து விளையாடியா சம்பளம் தருவார்கள்? உன் வாப்பா அரபி வீட்டில் டிரைவர், வெட்கத்தில் மாற்றிச் சொல்கிறார் என்கிறார்களாம்.

“விளையாடின படம் இருக்குமே, காட்டினீங்களா?” என்று கேட்டேன்.

“காட்டினேன்,” என்றாள் ஹிபா. “டிரைவர்மாரும் ரீசேட் போடுறதுதானே எண்டுறாளுகள்.”

பிறேசை மாட்டினேன். நிஸாம் எழுந்து நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் அது கணுக்காலை நோக்கி வழுகியது. இடது தொடையை அளந்தேன். படிவத்தில் ஸரீனா அளந்து அனுப்பிய அளவைவிட மூன்று சென்ரிமீற்றர் குறைவு. பிறகு ஏதோ தோன்றி மற்றக் காலையும் அளந்தேன். அனுப்பிய அளவு அச்சொட்டாக இருந்தது.

“அக்கா, எந்தக் காலை அளந்தனீங்கள்?”

“மனிசன் நீட்டின காலத்தான் அளந்தேன்,” என்றார் ஸரீனா.

நிஸாம் தலையைச் சொறிந்தார். “பதினாலு வருஷப் பழக்கம், தங்கச்சி. எந்த கிளப்புக்குப் போனாலும் முதல்ல டொக்டர் காலைக் காட்டச் சொல்லுவார். இடதைக் காட்டினா அடுத்த பிளைட்டுல வீடு. வலது தானா நீளும்.”

“பெண்டாட்டிக்கிட்டயுமா?” என்றார் ஸரீனா.

“நீ அளவுநாடாவோட வந்தாய். எனக்கு டொக்டர் எண்டுதான் பட்டது.”

ஹிபா சிரிக்கவில்லை. “அப்ப நாளைக்கு ஏலாதா?” என்று என்னைக் கேட்டாள்.

நோவில் மெலிந்த தொடைக்கு நல்ல தொடையின் அளவில் பிறேஸ். திரும்பச் செய்யப் பட்டறை வேண்டும், நான்கு நாள் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உட்புறம் முழுக்க ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் எதையாவது ஒட்டினால் சுற்றளவு மூன்று சென்ரிமீற்றர் குறையும். பஞ்சு சரிவராது, நசுங்கும். வியர்வையில் வழுக்காத, அமுங்கி மீளும் இறப்பர் வேண்டும். இதை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போலும். ஸரீனாவின் தம்பி நௌபர் வாசலில் இருந்து எழுந்தார். அவர் கடலட்டை பிடிக்கும் சுழியோடி.

“என்ட பழைய டைவிங் உடுப்பு கிடக்கு. கல்லுல கிழிஞ்சது. அஞ்சு மில்லி இறப்பர்தான்.”

கொண்டுவந்தார். உப்பும் மண்ணெண்ணெயும் மணத்தது. முதுகுத் துண்டு கிழியாமல் இருந்தது. அளந்தேன், ஐந்து. கடலுக்குள் உடம்போடு ஒட்டிக் கிடப்பதற்கென்றே செய்த சாமான். இதைவிட நல்லதை நான் யாழ்ப்பாணத்தில் தேடியும் எடுத்திருக்க மாட்டேன். செருப்பு ஒட்டும் பசையை நௌபரே வாங்கிவந்தார். ஏழு மணிக்குள் ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தேன்.

சனி, காலை 8.00. ஐந்து சோதனைகள்: நடை, படி, குந்தி எழும்புதல், பக்கவாட்டு ஓட்டம், துள்ளல். நான்கில் பிறேஸ் அசையவில்லை. ஐந்தாவதில், துள்ளி இறங்கியபோது முழங்கால் லேசாக நடுங்கியது. என் முடிவை எழுதி ஸரீனாவிடம் கொடுத்தேன்: ஓம். ஆனால் மொத்தம் பன்னிரண்டு நிமிடம், நான்கு நான்காக. மணிக்கூடு என் கையில்.

பின்னேரம் 4.30. பள்ளிக்கூட மைதானம். மூதூர் அணிக்கு எதிராகத் திருகோணமலை நகர அணி. ஹிபாவின் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் மதிலில் ஏறி இருந்தார்கள். முதல் நான்கு நிமிடம் நிஸாம் பந்தைக் கூடையை நோக்கி எறியவே இல்லை. வந்த பந்தை உடனே மற்றவருக்குக் கொடுத்தார். மதிலில் இருந்து, “டிரைவர், கியரைப் போடுங்க!” என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ஹிபா என் கையைப் பிடித்தாள்.

“வாப்பா ஏன் கோல் போடுறாரில்ல?”

எனக்கும் விளங்கவில்லை. அவர் வெளியே வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “கோல் போட எல்லா ஊரிலயும் ஆள் இருக்கு. அவனுக்கு வழி எடுத்துக் குடுக்கத்தான் என்னப் பதினொரு இடத்தில கூப்பிட்டவங்க.” பிறகு மகளிடம் குனிந்தார். “பந்தைப் பாக்காத, மகள். என்னப் பாரு.”

இரண்டாவது நான்கு நிமிடம் நாங்கள் இருவரும் பந்தைப் பார்க்கவில்லை. அவர் நடந்துபோய் ஓர் இடத்தில் தூண்போல நின்றார். பந்து வைத்திருந்த மூதூர்ப் பையனைத் துரத்தி வந்தவன் அவருடைய நெஞ்சில் மோதி நின்றான். அந்த இடைவெளியால் பையன் தனியே ஓடிப்போய்க் கோல் போட்டான். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை அவர் நிற்கப்போகும் இடத்தை ஹிபா முன்கூட்டியே விரலால் காட்டினாள். பிறகு என் கையை விட்டுவிட்டு மதிலுக்கு ஓடினாள்.

“பந்தைப் பாக்காதீங்கடி! என்ட வாப்பாவப் பாருங்க!”

மூன்றாவது நான்கு நிமிடத்தில் மதில் அவரை மட்டுமே பார்த்தது. அவர் போய் நிற்கும்போதே அங்கே சத்தம் கிளம்பியது. கோல் பிறகுதான் விழுந்தது.

பன்னிரண்டாவது நிமிடம் முடிந்தபோது மூதூர் ஏழு புள்ளி முன்னே. ஆட்டம் முடிய இன்னும் ஆறு நிமிடம். கையை உயர்த்தினேன். “ரெண்டு நிமிஷம், தங்கச்சி, ரெண்டே ரெண்டு!” என்று நௌபர் கெஞ்சினார். ஸரீனா என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்தார். நான் கையை இறக்கவில்லை. நிஸாம் தானே வெளியே வந்து உட்கார்ந்தார். பிறேசைக் கழற்றிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. தோலில் கறுப்பு இறப்பரின் அச்சு மட்டும் இருந்தது. அவருடைய புள்ளிகள்: பூச்சியம். மூதூர் மூன்று புள்ளியால் தோற்றது.

ஞாயிறு, காலை 6.40. ஸரீனா இடியப்பப் பொதியும் ஒரு போத்தல் தயிரும் தந்தனுப்பினார். தரிப்பிடத்துக்கு ஏற்றிப்போன ஓட்டோக்காரருக்கு நான் யாரென்று தெரியாது. அவராகவே கதையைத் தொடங்கினார்.

“நேத்து மேட்சுக்குப் போனீங்களா? ஸரீனாட மாப்பிள்ள ஒரு கோலும் போடல்ல. ஆனா பாருங்க, அந்த மனிசன் வெளிய வந்த பிறகுதான் நாங்க தோத்தது. ஆர்தான் அவர வெளிய எடுத்ததோ!”

நான்தான் என்று நான் சொல்லவில்லை. பஸ் வரும்வரை சந்தோசமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பட்டறையின் வாசலைத் தாண்டிப் போகும் பிறேஸ்கள் எங்கே போகின்றன, எதற்காகக் களம் இறங்குகின்றன என்று நாங்கள் பார்ப்பதில்லை. ஒன்றை முழுதாகப் பார்க்க வைத்ததற்காக மூதூருக்கு நன்றி.