விசிலுக்குப் பிறகு

விழுந்த பையனைக் காட்சியிலிருந்தே வெட்டி எறிந்துவிட்டார்கள்.

மலைமேல் செண்பகனூரில் உட்கார்ந்து கணினித் திரையில் அமெரிக்கக் கால்பந்து பார்ப்பதுதான் என் வேலை. ஓரத்திலிருந்து பாய்ந்து, பந்து எறிபவனை வீழ்த்தும் கல்லூரி லைன்பேக்கர்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். அதை வைத்துத் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்.

இன்று ஒருவன் தலைகுப்புற மோதி விழுந்தான். விரல்கூட அசையவில்லை. விசில் அடித்ததும் காட்சி முடிந்தது. அடுத்த காட்சியில் அவன் இடத்தில் வேறொருவன் நிற்கிறான். பின்னாலிருக்கும் கூட்டம் மட்டும் வாயைப் பொத்தியபடி அதே புல்லைப் பார்க்கிறது.

மேற்பார்வை செய்யும் ரபீக் அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, இவன் எந்திரிச்சானா?"

"விசிலுக்கு அப்புறம் எப்பவும் வெட்டிருவாங்க தம்பி. 'உடம்பு தாங்கும்'னு மார்க் போட்டுட்டு வெரசா அடுத்ததுக்கு வா."

"செத்திருந்தா?"

"ஏலே, செத்தவனுக்கா மார்க் கேப்பாங்க?" சிரித்தார். மதியமே ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது.

மதிப்பெண் போடவில்லை. விசிலுக்குப் பிறகு நடந்ததை அனுப்பச் சொல்லி, காட்சிகளை அனுப்பும் கம்பெனிக்கு எழுதினேன்.

உடனே ஒரு காட்சி வந்தது. அதே பையன், வேறு மைதானத்தில், நன்றாக ஓடுகிறான். தேதி இல்லை.

விழுவதற்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா? சொல்லுங்கள் என்று மூன்று முறை எழுதிவிட்டேன். படித்துவிட்டார்கள் என்று மட்டும் திரை காட்டுகிறது.