நன்கொடைக்கு ‘வேண்டாம்’ சொல்கிற வேலை

எங்கள் வேலையில் இலவசமாக வருகிற சாமானைப் போல ஆபத்தானது வேறு எதுவுமில்லை.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ஃபோனோடு படுத்துக் கிடந்த என்னை, அம்மா கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு சிறுமியர் இல்லத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார். தினமும் வெள்ளவத்தையிலிருந்து பஸ். நன்கொடை கொண்டுவருகிறவர்களிடம் எதை எடுப்போம், எதை எடுக்கமாட்டோம் என்று வாசலிலேயே சொல்லவேண்டும். கவுண்டரில் நின்று சனத்திடம் ஏச்சு வாங்கியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்த கிழமையே இல்லத்து வோஷிங் மெஷின் செத்துப்போனது. இருபத்திரண்டு பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையும் கையால்தான். இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதவேண்டிய தர்ஷினி பின்னேரம் முழுக்கச் சவர்க்கார நுரைக்குள் நிற்பாள். அதனால் வாசலில் வாகனம் நின்றால் உள்ளே மெஷின் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இருக்காது.

அடி கழன்ற சப்பாத்து

பொறுப்பாளர் சுகந்தி அக்காவின் முதல் சட்டம்: தன் பிள்ளைக்குக் கொடுக்காததை எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடாது. தெஹிவளையிலிருந்து ஓட்டோவில் வந்த அன்ரி ஒருவர் பெரிய பை ஒன்றைத் தந்தார். உள்ளே அடி கழன்ற சப்பாத்து, சிப் போன கவுன், ஒரு கண் இல்லாத கரடிப் பொம்மை. முகத்தைச் சுளிக்காமல் இருக்க எனக்கு வராது.

“அன்ரி, உங்கட மகள் இதைப் போடுவாவா?” என்று கேட்டுவிட்டேன். அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன கதை கதைக்கிறீர்? என்ர மகள் பழசு ஒண்டும் தொடமாட்டாள்!”

மூன்று நாள் நூடில்ஸ்

கடை முதலாளி ஒருவர் வேனிலிருந்து பதினொரு பெட்டி நூடில்ஸ் இறக்கினார். நான் திகதியைப் பார்த்தேன். இன்னும் மூன்று நாள்.

“திகதி முடியேல்லத்தானே தங்கச்சி?” என்றார். உண்மைதான். ஒரு பெட்டி எடுக்கலாம், மிச்சம் பத்தையும் எங்கள் பிள்ளைகள் மூன்று நாளில் எப்படி முடிப்பது என்று கேட்டேன். படியில் இருந்து படித்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளை அவர் ஒரு தடவை எண்ணுவதுபோலப் பார்த்தார். “ஏன், இவையள் கொஞ்சம் வேகமாச் சாப்பிடமாட்டினமோ?”

ஞாயிற்றுக்கிழமைப் புரியாணி

பிறந்தநாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கிற ஆட்கள் எங்களுக்கு நிறைய. எல்லாருக்கும் ஞாயிறுதான் வேணும், எல்லாருக்கும் புரியாணிதான் வேணும். செவ்வாய்க்கிழமை இடியப்பம் தாங்களேன் என்று கேட்டால், நான் ஏதோ பிறந்தநாளையே மாற்றச் சொன்னதுபோலக் கதைப்பார்கள்.

ஒரு கிழமை சனி பகல், சனி இரவு, ஞாயிறு பகல் என்று மூன்று புரியாணி. மூன்று கேக். மூன்று தடவை கை தட்டிப் பாட்டு. எட்டு வயது நிலா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். “அக்கா, அடுத்த பிறந்தநாள் ஆளிட்ட சோறும் பருப்பும் கேட்டுப் பாக்கிறீங்களா?”

ஒரே ஒரு படம்

கடைசியில் மெஷின் வந்தேவிட்டது. வத்தளையில் கடை திறக்கப்போகிற ஒருவர் புதுப் பெட்டியோடு லொறியில் வந்து இறங்கினார். எனக்குத் துள்ளவேண்டும்போல இருந்தது. அவர் கையில் கடைப் பெயர் எழுதிய பதாகையும் இருந்தது. தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டார். “நங்கி, பிள்ளைகள் எல்லாரும் மெஷினைச் சுத்தி நிண்டு சிரிச்சாச் சரி. ஒரே ஒரு படம், ஃபேஸ்புக்குக்கு.”

சுகந்தி அக்காவின் இரண்டாவது சட்டம்: பிள்ளைகளின் முகத்தைக் கொடுத்து எதையும் வாங்குவதில்லை. நான் உள்ளே ஓடினேன். “ஒரு படம்தானே அக்கா, என்ன குறைஞ்சு போகும்?” அவர் கோப்பிலிருந்து நிமிரவேயில்லை. “குறையிறது உமக்கில்லை. போய்த் தர்ஷினியைக் கேளும்.”

போய்க் கேட்டேன். தர்ஷினி சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “என்ர வகுப்பில ஒருத்திக்கும் நான் ஹோம்ல இருக்கிறது தெரியாது. நான் கையாலயே தோய்க்கிறன் அக்கா.”

வாசலுக்கு வந்து முடியாது என்றேன். அவர் முகம் கறுத்துப்போய், பெட்டியைத் திரும்ப ஏற்றச் சொன்னார். பெட்டி பாதி லொறிக்குள் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. “அங்கிள், உங்களுக்கு ஒரு முகம்தானே வேணும்? நான் இங்க வேலை செய்யிறன், என்ர முகத்தை எடுங்க!”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெட்டியை இறக்கச் சொன்னார். பதாகையைப் பிடித்துக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். ஃபோனைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பரவாயில்ல நங்கி. ஆனா கொஞ்சம் ஏழை மாதிரி நிண்டிருக்கலாம்.”

இப்போது மெஷின் ஓடுகிறது, தர்ஷினி படிக்கிறாள், முன்பின் தெரியாத சனமெல்லாம் என் படத்துக்குக் கீழே ‘பாவம் பிள்ளை’ என்று எழுதுகிறது, எழுதிவிட்டுப் போகட்டும்.