கால் உளைச்சல்

பத்து வயது மகள் கால் உளையுது என்று தினமும் அழுதாள். பள்ளிக்கூடம் போக மடி, வெறும் சோம்பல் என்றார்கள் பக்கத்து வீட்டில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தக்கலை வர்ம ஆசான் தந்த எண்ணெயைத் தேய்த்தும் வலி அடங்கவில்லை. மறுபடி போனபோது, "பிள்ளை எப்பம் ஒறங்கும்?" என்று கேட்டார் ஆசான்.

வளைகுடாவில் வேலை முடிந்து அவள் அப்பா வீடியோவில் வரும்போது இங்கே நடுராத்திரி. அதுவரை விழித்தே கிடப்பாள்.

"ஒறக்கம் கெட்டா வலி கூடும். வலி கூடினா பின்ன ஒறக்கமும் வராது," என்றார்.

அழைப்பைக் காலைக்கு மாற்றினோம். உளைச்சல் மெல்லக் குறைந்தது.

ஒருநாள் வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்க, அவள் போனில் கிசுகிசுத்தாள்: "ராத்திரியே கூப்பிடுங்கப்பா. கால் உளைஞ்சா அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."