டீச்சர் கேட்ட தோல் துண்டு

எதிர்வீட்டு ஞானசுந்தரி டீச்சர் மேல் எனக்குப் பதினேழு வருஷ வருத்தம் உண்டு. அவர் இறந்த பிறகும் அது முழுசாகப் போகவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் என் வாசலுக்கு வருவார். "தனகோடி, கையகலத்துக்கு ஒரு தோல் துண்டு குடு. ஓட்டை இருக்கக் கூடாது." அவ்வளவுதான். நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை கிடையாது. என் பொண்டாட்டி செத்த வருஷமும் அதே பேச்சுதான்.

எனக்கு ஆம்பூர் டேனரியில் தோல் பதனிடுகிற வேலை. படிப்பு அஞ்சாவதோடு சரி. ஒரு தடவை பெருமையாக, சாயம் போட்டு மினுக்கிய ஷூ தோலைக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தது. "இது தண்ணி குடிக்காதுப்பா. மினுக்கு எனக்கு எதுக்கு?" வாங்கிப் போகிற தோலை வைத்து என்ன செய்கிறார் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஒரே ஆள். ரிட்டையர் ஆகி மூன்று வருஷமாகியும் தோலுக்கு வருவது நிற்கவில்லை. இந்த ஜூனில் கேட்டே விட்டேன்.

"இஸ்கூலுக்கே போறதில்ல. இன்னாத்துக்கு டீச்சர் தோலு?"

டீச்சர் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். "வந்து பாரு."

அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். துண்டின் நடுவில் கயிறு கோத்து, ஊறவைத்து, கடப்பா கல் தரையில் போட்டு மிதித்தார்.

"இப்ப இழு."

தினமும் ஈரத்தோல் தூக்குகிற கை என்னுது. இழுத்தேன். வரவில்லை.

"பசை கிசை தடவிட்டீங்களா?"

"அடியில இருந்த காத்து வெளிய போயிடுச்சு. மேல இருக்கற காத்து அமுக்குது. கிளாஸ்ல அறுபது பிள்ளைங்க இழுப்பாங்க, ஒரே சத்தமா இருக்கும். மூணு வருஷமா நானே வெச்சு, நானே இழுக்கறேன்."

மறுநாள் காலையில், 'சாயங்காலம் பாத்துக்கலாம்' என்று அவர் கதவைத் தாண்டி ஷிப்டுக்கு ஓடினேன். மத்தியானமே டீச்சர் போய்விட்டார். நான் வந்தபோது வீடு நிறைய ஆட்கள். தோல் காய்ந்து சுருண்டு ஓரமாகக் கிடந்தது.

முந்தின நாள் நான் புறப்படும்போது அந்தத் தோலின் ஓரத்தை நகத்தால் கிளப்பப் போனேன். டீச்சர் கையைத் தடுத்தார்.

"இருக்கட்டும். காலையில வந்து எடு."

"காஞ்சா தானா விட்டுக்கும் டீச்சர். அதுக்கு நான் எதுக்கு?"

"விட்டுக்கட்டும்ப்பா. நீ வந்து எடு."