தேவசகாயம் அண்ணன் கொடியில் காயப்போட்ட கயிறு

செவ்வாய்க்கிழமை காலை அணுபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. தேவசகாயம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டாராம். சற்று நேரத்தில் எங்கள் ஆய்வுக்கூட வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் பூங்கொத்துப் படம் போட்டார்: "ஈடுசெய்ய முடியாத இழப்பு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனை ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டி அடுக்கவிட்டது யார்?

மின்கம்பம் ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் அராமிட் என்ற செயற்கை இழையில் திரித்த மஞ்சள் கயிறுகளைச் சோதிப்பதுதான் எங்கள் வேலை. வருஷக்கணக்கில் சூடு பட்டால் கயிறு என்ன ஆகும் என்று அறிய, மின் அடுப்பில் பல நாள் வைத்தெடுத்து, மின்சாரம் கசிகிறதா என்று அளப்போம். மற்றவர்கள் எடுத்த சூட்டோடு அளப்பார்கள். அண்ணன் மட்டும் துணிக் கிளிப் மாட்டி, சதுரங்கப்பட்டினத்துக் கடற்காற்று அறையும் மொட்டைமாடிக் கொடியில் ஒரு நாள் தொங்கவிடுவார்.

"இன்னாண்ணா, துணி தொவைச்சீங்களா?" என்று சேர்ந்த புதிதில் கிண்டலடித்தேன்.

"எண்ணெய்லேர்ந்து எடுத்த அப்பளம் மொறுமொறுன்னுதாம்மா இருக்கும். கொஞ்ச நேரம் காத்துல வச்சிப் பாரு, தெரியும். கம்பத்துல ஏறுறவன் இன்னா, அடுப்புக்குள்ளயா நிக்கிறான்?"

மறுநாள் அளந்தேன். சூட்டில் தேறிய அதே துண்டு, ஈரத்தையும் உப்பையும் குடித்துவிட்டு மின்சாரத்தைக் கசியவிட்டது. அதன்பிறகு நான் கிண்டலடிக்கவில்லை.

போன வருஷம் ஒரு பெரிய கம்பெனியின் கயிறும் அப்படித்தான் கசிந்தது. "விதிமுறையில் மொட்டைமாடி எங்கேய்யா இருக்கு?" என்று மேலாளர் கத்தினார். அண்ணன் பேனாவை மேசைமேல் வைத்தார். "இத்தப் புடிச்சிக்கினு உங்க புள்ளைய ஏறச் சொல்லுங்க சார். கையெழுத்து போடுறேன்."

மறுநாளே அவர் ஸ்டோர் ரூமுக்குப் போனார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? நான்தான். சூட்டோடு அளந்து, தேறியது என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம். மேலாளரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் திட்டுவேன்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. அதுதான் இன்றைக்கும் பொறுக்கவில்லை. ஸ்டோர் ரூம் வாசலில் டீயை நீட்டி, "வுடும்மா, அந்தக் கம்பெனி கயித்துல ஒரு துண்டு மிச்சம் கீது. தகிரியம் வரும்போது கொடில போடு" என்றார்.

அடக்கத்துக்கு மேலாளர் ரோஜா மாலையோடு வந்தார். அண்ணி அதை வாங்கவில்லை. "இருந்தப்போ மரியாத குடுக்கல. இப்போ இன்னாத்துக்கு சார் மாலை?" என்றார். அந்தக் கேள்வி எனக்கும்தான்.

மறுநாள் ஸ்டோர் ரூமில் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். துருப்பிடித்த இரண்டு துணிக் கிளிப்புகள், பக்கத்திலேயே அந்த மிச்சத் துண்டு. கொடியில் தொங்கவிட்டேன். நேற்று அளந்தேன். கசிகிறது. என் கையெழுத்து பொய், அந்தக் கயிற்றைப் பிடித்து ஒருவரும் ஏற வேண்டாம் என்று, அதை வாங்கியவர்களுக்கே எழுதி அனுப்பிவிட்டேன்.

மேலாளர் அவர்களே, ஸ்டோர் ரூமில் அண்ணன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. என்னை அங்கே உட்காரவையுங்கள். கிளிப்புகளை மட்டும் தரமாட்டேன்.