அவளிடம் சொல்ல வேண்டும்

பல் கிளினிக்கில் அவளுக்கு லிஸ்ட் அக்கா என்றுதான் பெயர். யாருக்கு எப்போது பல் பிடுங்குவது, கையுறை எத்தனை பெட்டி மிச்சம், மகளுக்கு என்றைக்குப் பரீட்சை, எல்லாம் போனில் ஒரே ஆப்பில். முடிந்த வேலைக்கு டிக் போட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். “மூச்சு விடறதையும் எழுதி வெச்சிருக்கீங்களாக்கா?” என்று நர்ஸ் கிண்டலடிப்பாள்.

கட்டியவனோ மறதி மன்னன். பெற்ற மகளையே ஒருநாள் பள்ளி வாசலில் மறந்துவிட்டு வந்தவன். அதனால் அவன் போனிலும் இவளே ஆப்பை ஏற்றி, தன் கணக்கிலேயே அவன் பெயரில் ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்தாள். தன் பெயர் போட்ட லிஸ்ட் தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று அந்த மகராசன் நினைத்துக்கொண்டான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

ஒரு புதன்கிழமை, அவனுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தலாமென்று கிளினிக்கில் இருந்தபடியே தன் போனில் அந்த லிஸ்டைத் திறந்தாள். உள்ளே மூன்று வரி. புது வீட்டுச் சாவி. ஒற்றைக் கட்டில். ஞாயிறு, பிரிந்து போவதை அவளிடம் சொல்ல வேண்டும்.

இன்னொருத்தி இருந்தாலாவது வாய் நிறையத் திட்டித் தீர்த்திருப்பாள். ஒற்றைக் கட்டிலை என்னவென்று திட்டுவது? அதே ஆப்பில் அடுத்த ஆளுக்குப் பல் பிடுங்க நேரம் குறித்துக் கொடுத்தாள்.

அன்றிரவே, லிஸ்டில் கை வைக்காமல் வாயால் சொல்லியே, அவனுடைய ஞாயிற்றுக்கிழமையை வேலையால் நிரப்பினாள். தண்ணீர்த் தொட்டி கழுவ, சைக்கிள் பஞ்சர், பரண் ஒழிக்க. பாவி மனுஷன் எல்லாவற்றையும் செய்தான். மூன்றாவது வரியை மட்டும் லிஸ்டில் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளினான். இப்படியே ஏழு ஞாயிறு அவள் புருஷனோடு வாழ்ந்தாள்.

எட்டாவது ஞாயிறு அவன் ஏணிமேல் நின்று ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தான். “அப்பாவுக்கு ஏம்மா இவ்ளோ வேலை குடுக்கறே?” என்றாள் மகள்.

“விடும்மா. முடிச்சிட்டா அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றான் அவன் மேலிருந்தபடி.

முதலாளிக்குப் பயந்த வேலையாளின் குரல் அது. பதினாறு வருஷமாக இதே குரல்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, போனில் மூன்றாவது வரிக்கு டிக் போட்டு அவனிடம் நீட்டினாள்.

“இறங்குங்க. எனக்குத் தெரியும். நீங்க சொல்லவே வேணாம்.”

அழுவான், ‘இல்லடி, சும்மா எழுதினேன்’ என்பான் என்று ஒரு நப்பாசை. அவன் ஏணியைப் பிடித்தபடி நெடுமூச்சு விட்டான். முகம் தெளிந்தது.

“ரொம்ப தேங்க்ஸ்” என்றான்.